லைன் நிற்கக் கூடாது: பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் கோயம்புத்தூரில் சின்னதாக ஒரு சி.என்.சி. (கணினி இயக்கும் வெட்டு இயந்திர) பட்டறை நடத்துகிறேன். பம்ப், மோட்டார், ஜவுளி இயந்திரம் என்று இந்த ஊரே பழகிய வேலைகளில்தான் நாங்களும் தொடங்கினோம். இப்போது சில ஆண்டுகளாக விமான பாகங்களும் செய்து தருகிறோம். பெரிய கம்பெனிக்கு நேரடியாகக் கொடுப்பவர்கள் அல்ல நாங்கள். அவர்களுக்குச் சப்ளை செய்பவருக்குச் சப்ளை செய்பவர்கள். எங்களைப் போன்றவர்கள் கணபதியில், குறிச்சி சிட்கோவில், அரசூரில், ஓசூரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் சார்பில் பேச எனக்கு யாரும் அதிகாரம் தரவில்லை. ஆனால் இங்கே எழுதப்போவதை அவர்களில் பலர் வாயால் கேட்டிருக்கிறேன்.

ஒவ்வோர் ஆண்டும் பாதுகாப்புத் துறையின் மானியக் கோரிக்கையை, அதாவது அரசு கேட்கும் செலவுத் தொகையை, உங்கள் குழு வரி வரியாகப் பார்க்கிறது. 2025-26க்கு அந்தத் துறைக்கு ஒதுக்கிய தொகை 6.81 லட்சம் கோடி ரூபாய். அதில் புதிய தளவாடங்கள் உள்ளிட்ட மூலதனச் செலவுக்கு மட்டும் 1.80 லட்சம் கோடி. அமைச்சக அதிகாரிகளையும் படைத் தளபதிகளையும் எதிரில் உட்கார வைத்துக் கேள்வி கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. அதனால்தான் இந்த மடலை அமைச்சருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

போர் விமானம் என்று பேச்செடுத்தாலே இரண்டு கட்சிகள் உருவாகிவிடுகின்றன. ஒரு பக்கம், எல்லாவற்றையும் இங்கேயே செய்வோம், ஒரு விமானம்கூட வெளியே வாங்கக் கூடாது என்கிறார்கள். இன்னொரு பக்கம், நாற்பது வருடமாகச் செய்து பார்த்தாயிற்று, போதும், நல்ல விமானமாகப் பார்த்து வாங்குங்கள் என்கிறார்கள். எனக்கு இந்த இரண்டிலும் உடன்பாடு இல்லை. என் கோரிக்கை ஒன்றே ஒன்று: இங்கே ஓடிக்கொண்டிருக்கும் போர் விமான உற்பத்தி லைனை எக்காரணம் கொண்டும் நிற்க விடாதீர்கள். அவசரத்துக்கு வெளியில் வாங்க வேண்டியிருந்தால் வாங்குங்கள். அந்தக் காரணத்தைச் சொல்லி உள்நாட்டு ஆர்டரை நிறுத்தவோ தள்ளிப்போடவோ யாரையும் அனுமதிக்காதீர்கள்.

அவசரம் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. 1963இல் படையில் சேர்ந்த மிக்-21, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றது. அறுபத்திரண்டு ஆண்டுகள்! அதோடு விமானப்படையின் போர் ஸ்குவாட்ரன்கள் (விமான அணிகள்) 29 ஆகக் குறைந்தன; அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை 42. எல்லையில் பணியாற்றும் விமானியிடம் போய், நம் தொழில் வளரும்வரை கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. 2016இல் பிரான்ஸிடம் 36 ரஃபேல் வாங்க ஒப்பந்தம் போட்டதில் எனக்குக் குறை இல்லை. அன்றைக்கு இருந்த நிலைமைக்கு அது தேவைப்பட்டது.

ஆனால் அந்த ரஃபேல் எப்படி உருவானது என்பதை உங்கள் குழு ஒருமுறை விசாரித்துப் பார்க்க வேண்டும். நாம் விலை கொடுத்து வாங்கிய அந்த விமானத்தின் கதையில்தான் நாம் செய்யத் தவறியது எல்லாம் இருக்கிறது.

1980களில் ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து ஒரு போர் விமானம் செய்யலாம் என்று கூடின. பிரான்ஸ் 1985இல் அந்தக் கூட்டிலிருந்து விலகியது. விமானந்தாங்கிக் கப்பலிலிருந்தும் பறக்கக்கூடிய விமானம் அவர்களுக்கு வேண்டும். என்ஜினும் தங்களுடையதாக இருக்க வேண்டும். சரி, தனியாகச் செய்வோம் என்று முடிவெடுத்தார்கள். 1986இல் முதல் மாதிரி பறந்தது. அதில் இருந்தவை அமெரிக்காவின் எஃப்404 என்ஜின்கள். ஆம், இன்றைக்கு நாமே வடிவமைத்த தேஜஸ் போர் விமானத்தில் இருக்கும் என்ஜினின் அதே குடும்பம். தங்கள் எம்88 என்ஜின் தயாராகும்வரை அவர்கள் விமானத்தை நிறுத்தி வைக்கவில்லை. கிடைத்த என்ஜினைப் போட்டுப் பறக்கவிட்டார்கள். பக்கத்திலேயே சொந்த என்ஜினை விடாமல் செய்துகொண்டிருந்தார்கள். 1990இல் ஒரு பக்கத்து எஃப்404ஐக் கழற்றிவிட்டு எம்88ஐ மாட்டிப் பறந்து பார்த்தார்கள்.

இதே காலத்தில் பிரெஞ்சுக் கடற்படையின் நிலைமை பரிதாபமாக இருந்தது. அவர்களிடம் இருந்தவை 1960களில் வாங்கிய குரூஸேடர் விமானங்கள். இடைக்காலத்துக்கு அமெரிக்காவின் ஹார்னெட் விமானங்களை வாங்கித் தாருங்கள் என்று கடற்படை கேட்டது. அரசு மறுத்துவிட்டது. அந்தப் பழைய குரூஸேடர்கள் 1999 வரை பறந்தன. இது நல்ல முடிவா என்று என்னைக் கேட்டால், அந்த விமானிகளை நினைத்தால் எனக்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது. நாம் அந்த அளவுக்குப் போக வேண்டாம். ஆனால் அதற்குப் பிறகு அவர்கள் செய்ததை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

ரஃபேலை வாங்கப் பல ஆண்டுகள் வெளிநாடு எதுவும் வரவில்லை. 2015இல்தான் எகிப்து முதல் வெளிநாட்டு வாடிக்கையாளராக வந்தது. அதுவரை லைன் எப்படி ஓடியது? ஆண்டுக்கு 11 விமானம் என்று பிரெஞ்சு அரசு எடுத்துக்கொண்டது. அதற்குக் கீழே போனால் பாகம் செய்யும் சிறு கம்பெனிகள் தாங்காது, ஆட்கள் கலைந்துவிடுவார்கள், பிறகு எவ்வளவு பணம் கொட்டினாலும் திரும்பச் சேர்க்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பதினொன்று இல்லையென்றால், 2016இல் நாம் வாங்கப் போனபோது வாங்குவதற்கு ஒரு விமானமே இருந்திருக்காது.

இப்போது நம் கணக்கைப் பாருங்கள். தேஜஸ் முதன்முதலில் பறந்தது 2001 ஜனவரி 4. விமானப்படைக்காக 20 விமானங்களுக்கு 2006இல் ஆர்டர். இன்னொரு 20க்கு 2010இல் ஆர்டர். அதற்கடுத்த ஆர்டர், மேம்பட்ட வகையான மார்க்-1ஏ விமானங்கள் 83, 2021 பிப்ரவரியில் வந்தது. நடுவில் பத்து ஆண்டுகளுக்கும் மேல் ஒன்றுமில்லை. வரும், வரும் என்ற பேச்சு மட்டும் இருந்தது. பேச்சை நம்பி வங்கியில் கடன் கொடுக்க மாட்டார்கள், ஐயா. ஒரு ஐந்து அச்சு இயந்திரம் வாங்க வேண்டுமென்றால் மேனேஜர் முதலில் கேட்பது பர்ச்சேஸ் ஆர்டரைத்தான்.

இந்த இடைவெளியின் விலையை நாம் இப்போதுதான் முழுசாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். மார்க்-1ஏ விமானங்கள் 2024 மார்ச்சிலிருந்து வர வேண்டும், வரவில்லை. காரணம் கேட்டால் எல்லோரும் அமெரிக்காவின் ஜி.இ. நிறுவனத்தைக் கை காட்டினார்கள், என்ஜின் வரவில்லை என்று. அது உண்மைதான். ஆனால் என்ஜின் ஏன் வரவில்லை? முந்தைய ஆர்டருக்கான 65 என்ஜின்களை 2016 வாக்கில் அவர்கள் கொடுத்து முடித்துவிட்டார்கள். அடுத்த ஆர்டர் வராததால் அந்த என்ஜினின் லைனையே மூடினார்கள். 2021இல் நாம் 99 என்ஜின் கேட்டபோது, ஐந்து ஆண்டுகளாகப் படுத்துக் கிடந்த லைனை எழுப்பி, உலகம் முழுக்க இருக்கும் சப்ளையர்களைத் திரும்பத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. இதை அந்த நிறுவனமே வெளிப்படையாகச் சொன்னது. முதல் என்ஜின் வந்து சேர்ந்தது 2025 மார்ச்சில். அவ்வளவு பெரிய அமெரிக்கக் கம்பெனிக்கே ஆர்டர் இல்லாவிட்டால் லைன் நின்றுவிடும் என்றால், குறிச்சியில் பத்துப் பேரை வைத்து வேலை செய்பவர் என்ன செய்வார்?

என்ன ஆகும் என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன், சொல்கிறேன். விமான பாகம் என்றால் முதலில் வருவது காகிதம். அலுமினியக் கட்டி எங்கே உருக்கியது, அதன் ஹீட் நம்பர் (உருக்கிய தொகுதியின் எண்) என்ன, எந்தச் சோதனைச் சான்றிதழ், எந்தத் தேதியில் எந்த ஆபரேட்டர் எந்த மெஷினில் ஏற்றினார் என்று அத்தனையும் எழுத வேண்டும். கையால் தூக்க முடியாத ஒரு கட்டியை ஏற்றி, அதில் பெரும் பகுதியைச் சீவலாக வெட்டித் தள்ளி, கடைசியில் ஒரு கையில் எடுத்துவிடக்கூடிய பாகமாக இறக்குவோம். சுவர் சில இடங்களில் இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது. அவசரப்பட்டு வெட்டினால் பாகம் முறுக்கிக்கொள்ளும். பாதி வெட்டிவிட்டுக் கிளாம்பைத் தளர்த்தி, அது தன் இஷ்டத்துக்கு அசைந்து அடங்கிய பிறகு திரும்பப் பிடித்து மீதியை வெட்ட வேண்டும். இதையெல்லாம் எந்தப் புத்தகமும் ஒரு பையனுக்குச் சொல்லித் தராது. பாலிடெக்னிக் முடித்து வருகிறவன் மெஷின் பக்கத்தில் நின்று, சில பாகங்களை வீணாக்கி, அப்புறம்தான் கை பழகுவான். அப்படிப் பழகிய பையனை ஆர்டர் இல்லாத ஆறு மாதம் சும்மா உட்கார வைத்துச் சம்பளம் கொடுக்க எங்களால் முடியாது. கார் கம்பெனிக்குப் போய்விடுவான், இல்லையென்றால் துபாய்க்கு. அவனைக் குறை சொல்ல முடியுமா? அவனுக்கும் வீட்டு வாடகை இருக்கிறது. திரும்ப ஆர்டர் வரும்போது இன்னொரு பையனோடு முதலிலிருந்து தொடங்குவோம்.

வெளிநாட்டு விமானத்தை உரிமம் வாங்கி இங்கேயே செய்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு நம் நாட்டிலேயே விடை இருக்கிறது. தேஜஸைச் செய்யும் அரசு நிறுவனமான ஹெச்.ஏ.எல். 600க்கும் மேற்பட்ட மிக்-21 விமானங்களை உரிமத்தின் பேரில் செய்தது. அப்புறம் சுகோய்-30 எம்.கே.ஐ. விமானங்களில் 222ஐ நாசிக்கில் செய்தார்கள். அதில் வேலை செய்தவர்களின் திறமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அறுபது ஆண்டுகள் ரஷ்ய ட்ராயிங்கை வைத்துச் செய்தும், அந்த ட்ராயிங்கில் ஒரு கோட்டை மாற்றும் உரிமை நமக்கு வரவில்லை.

இதைப் பட்டறை மட்டத்தில் சொன்னால் இன்னும் தெளிவாக இருக்கும். வெளிநாட்டு வாடிக்கையாளரின் ட்ராயிங் வந்தால் அதில் உள்ளபடி செய்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். கேள்வி கேட்க ஆள் கிடையாது. ஆனால் உள்நாட்டில் வடிவமைத்த ஒரு பாகத்தில், உள்மூலையின் வளைவு மிகச் சின்னதாக இருந்தது. அதை வெட்ட மெல்லிசான, நீளமான டூல் வேண்டும். அந்த டூல் அதிரும். அதிர்ந்தால் மேற்பரப்பில் அலை அலையாகத் தடம் விழும். எங்கள் ஆபரேட்டர் ஒருவர், இந்த வளைவை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினால் பாதி நேரத்தில் முடித்துவிடலாம், பாகமும் சுத்தமாக வரும் என்றார். மேலே எழுதிப் போட்டோம். வடிவமைப்பாளர் கணக்குப் போட்டுப் பார்த்து, வலிமை குறையாது என்று உறுதி செய்து, ட்ராயிங்கைத் திருத்தி அனுப்பினார். கொஞ்சம் நாள் எடுத்தது. ஆனால் எட்டாத தூரத்தில் இருந்த ஒரு ட்ராயிங், கோயம்புத்தூர் ஆபரேட்டர் ஒருவரின் பேச்சைக் கேட்டு மாறியது. ஒரு நாட்டுக்கு விமானம் செய்யத் தெரியும் என்று சொல்ல வேண்டுமென்றால், இது அன்றாடம் நடக்க வேண்டும். உரிமம் வாங்கிச் செய்யும் விமானத்தில் இதற்கு வழியே இல்லை.

நாம் ஒருமுறை இந்த இடத்துக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறோம். மாருத் என்ற எச்.எஃப்.-24 விமானத்தை உங்களில் மூத்தவர்கள் அறிவீர்கள். ஜெர்மானிய வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் பெங்களூருக்கு வந்து, நம் பொறியாளர்களோடு சேர்ந்து வடிவமைத்தார். 1961 ஜூன் 17 அன்று பறந்தது. அன்றைக்கு ஆசியாவில் இந்த அளவுக்கு வேறு யார் செய்தார்கள்? 1971 போரில் ராஜஸ்தான் முனையில் சண்டையும் போட்டது. அதன் உடம்புக்கு ஏற்ற என்ஜின்தான் கிடைக்கவில்லை. ஆர்ஃபியஸ் என்ஜினின் வலுவான வகை ஒன்றை உருவாக்க பிரிட்டிஷ் கம்பெனி சில மில்லியன் பவுண்டு கேட்டது. நாம் தரவில்லை. பலம் குறைந்த என்ஜினோடு 147 விமானங்கள் செய்து முடித்தோம். அதற்குப் பிறகு ஜாகுவார் வந்தது, மிராஜ் வந்தது, மிக்-29 வந்தது. எல்லாம் நல்ல விமானங்கள். ஆனால் மாருத்தைச் செய்த கைகளுக்கு அடுத்த வேலை கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. 1983இல், பின்னர் தேஜஸ் ஆன இலகு ரகப் போர் விமானத் திட்டத்துக்கு அனுமதி வந்தபோது, அந்தக் குழு இல்லை. பாதி நூற்றாண்டு தள்ளிப் போனதற்கு எல்லோரும் நிபுணத்துவம் இல்லை என்று காரணம் சொல்கிறார்கள். நிபுணத்துவம் இருந்தது. கலைய விட்டோம்.

என்ஜின் விஷயத்தில் அதே கதை இன்னும் முடியவில்லை. தேஜஸுக்காக இங்கேயே உருவாக்கத் தொடங்கிய காவேரி என்ஜினுக்கு 1989இல் அனுமதி கிடைத்தது. தேஜஸுக்குத் தேவையான உந்துவிசை வரவில்லை, எடையும் கூடிவிட்டது. 2008இல் தேஜஸிலிருந்து அதைப் பிரித்துவிட்டார்கள். தோல்வி என்று எழுதி மூடிவிட்டார்கள் பலர். உலோகம் உருகும் வெப்பத்தைவிட அதிகமான வெப்பக் காற்றுக்கு நடுவே, நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றும் டர்பைன் இலைகளை (பிளேடுகளை) செய்வது லேசான காரியமில்லை. அதைச் சொந்தமாகச் செய்யும் நாடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த இலைகளை ஒற்றைப் படிகமாக வார்க்க வேண்டும். ஹைதராபாத் ஆய்வகம் ஹெலிகாப்டர் என்ஜினுக்கு அப்படி 60 இலைகள் வார்த்து ஹெச்.ஏ.எல்.லிடம் கொடுத்ததே 2021இல்தான். காவேரியை உயரத்தில் சோதிக்க நம்மிடம் வசதி இல்லாமல் ரஷ்யாவுக்கு எடுத்துப் போனோம். 2010இல் அங்கே ஒரு இல்யூஷின்-76 விமானத்தில் மாட்டிப் பறந்து பார்த்தார்கள். ஒவ்வொரு சந்தேகத்துக்கும் என்ஜினைக் கப்பலேற்றி, அடுத்த நாட்டின் கால அட்டவணையில் இடம் கேட்டு நின்றால் என்றைக்கு முடியும்? பாதியில் அடுப்பை அணைத்துவிட்டுச் சோறு வேகவில்லை என்று அரிசியைத் திட்டுகிறோம்.

காவேரிக்கு இத்தனை ஆண்டுகளில் செலவானது சுமார் 2,000 கோடி ரூபாய். 2024 செப்டம்பரில் சுகோய் விமானங்களுக்கு 240 என்ஜின்கள் வாங்கப் போட்ட ஒப்பந்தம் 26,000 கோடி. இரண்டும் வேறு வேறு காலத்துப் பணம், வேறு வேறு வேலை. நேருக்கு நேர் வைப்பது முழுச் சரியாகாது என்று தெரியும். இருந்தாலும் ஒரே ஒரு கொள்முதலின் பத்தில் ஒரு பங்குகூட சொந்த என்ஜினுக்குச் செலவிடாத நாடு, என்ஜின் வரவில்லை என்று யாரிடம் கோபித்துக்கொள்வது?

வெளியில் வாங்குவதில் இருக்கும் ஆபத்தை நான் நீட்டி முழக்கத் தேவையில்லை. 1998 பொக்ரான் சோதனைக்குப் பிறகு, தேஜஸின் பறப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளில் வேலை செய்ய அமெரிக்கா போயிருந்த நம் பொறியாளர்களைத் திருப்பி அனுப்பினார்கள். நம் கடற்படையின் ஸீ கிங் ஹெலிகாப்டர்கள் உதிரி பாகம் இல்லாமல் நின்றன. பொறியாளர்கள் ஊருக்கு வந்து அந்த மென்பொருளைத் தாங்களே எழுதி முடித்தார்கள், 2001இல் விமானம் பறந்தது. பாகிஸ்தான் பணம் கட்டிய 28 எஃப்-16 விமானங்கள் 1990க்குப் பிறகு பல ஆண்டுகள் அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. துருக்கி எஃப்-35 திட்டத்தில் பங்காளியாகவே இருந்தது; 2019இல் வெளியே தள்ளப்பட்டது. வாங்குகிறவர் யாராக இருந்தாலும் சாவி விற்றவரிடம்தான் இருக்கும்.

இவ்வளவு சொல்லிவிட்டு உள்நாட்டுப் பக்கத்தின் தவறுகளை மறைத்தால் அது நேர்மை ஆகாது. தாமதம் எல்லாம் என்ஜினால் மட்டும் வந்ததல்ல. 2025 மே மாதம் விமானப்படைத் தளபதி ஏ.பி. சிங், குறித்த நேரத்தில் முடிந்த ஒரு திட்டம்கூடத் தன் நினைவில் இல்லை என்று தொழில் துறையினர் கூடிய மேடையிலேயே வருத்தப்பட்டார். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. முடியாத தேதியைக் கொடுத்துவிட்டு, பிறகு நீட்டிப்பு கேட்கும் பழக்கம் மேலிருந்து கீழ்வரை இருக்கிறது. எங்களைப் போன்ற பட்டறைகளும் அதற்கு விலக்கல்ல. தரத்தில் சமரசம் பேச யாருக்கும் இடமே இல்லை. 2025 நவம்பரில் துபாய் விமானக் கண்காட்சியில் தேஜஸ் விழுந்து உயிரிழந்த விமானி, எங்கள் பக்கத்து சூலூரில் பணியாற்றியவர். எங்கள் ஊரின் மேல் பறந்து பயிற்சி எடுத்தவர். அந்தச் செய்தி வந்த நாளில் பட்டறையில் யாருக்கும் வேலை ஓடவில்லை. காரணத்தை விசாரணை சொல்லட்டும். எதுவாக இருந்தாலும் அது முழுமையாகச் சரி செய்யப்பட வேண்டும், மூடி மறைக்கக் கூடாது. அதை உறுதி செய்வதும் உங்கள் குழுவின் வேலைதான்.

சூலூர் என்றதும் இன்னொன்று. தேஜஸின் முதல் ஸ்குவாட்ரனான 45ஆவது அணி 2018இல் அங்கே வந்தது. 18ஆவது அணி 2020இல் சேர்ந்தது. 2024 ஆகஸ்டில் அங்கே நடந்த தரங் சக்தி பயிற்சிக்கு ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் படைகள் வந்தபோது, ரஃபேலும் யூரோஃபைட்டரும் தேஜஸும் ஒரே ஓடுபாதையில் இருந்தன. அந்த விமானதளத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், கோயம்புத்தூரிலேயே, தேஜஸ் மார்க்-1ஏவின் இறக்கைகளை எல் அண்ட் டி செய்கிறது. காற்று உள்வாங்கும் பகுதியை எல்.எம்.டபிள்யூ. செய்கிறது. நடுப்பகுதி ஹைதராபாத்தில், பின்பகுதி பெங்களூரில் என்று வேலை பரவியிருக்கிறது. மாருத் காலத்தில் இப்படி ஒரு சப்ளையர் வரிசை கிடையாது. இது சேர்ந்து வர இருபது ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. கலைப்பதற்கு இரண்டு ஆண்டு ஆர்டர் இல்லாமல் இருந்தால் போதும்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். வெளிநாட்டு விமானக் கொள்முதல் கோப்பு எது வந்தாலும், 2018இலிருந்து பேசப்படும் 114 விமானங்களாக இருந்தாலும் சரி, வேறு எதுவானாலும் சரி, அதோடு ஒரு பக்கம் சேர்த்துக் கேளுங்கள்: இந்தச் செலவால் தேஜஸின் அடுத்த பெரிய வகையான மார்க்-2, ரேடாருக்கு எளிதில் சிக்காத ஆம்கா ஆகிய உள்நாட்டுப் போர் விமானத் திட்டங்களின் பணத்திலும் தேதியிலும் என்ன மாறும்? அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். மாறாது என்றால் அதையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள். பிரான்ஸ் வைத்ததுபோல ஆண்டுக்கு இத்தனை விமானம் என்று ஒரு குறைந்தபட்ச எண்ணிக்கையை நிர்ணயித்து, எந்த நிதி நெருக்கடியிலும் அதற்குக் கீழே போகக் கூடாது என்று பரிந்துரை செய்யுங்கள். அது எத்தனை என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நாசிக்கின் புதிய லைனையும் சேர்த்து ஆண்டுக்கு 24 வரை செய்யலாம் என்கிறார்கள். பாதியாவது உறுதியாக இருக்கட்டும்.

என்ஜினுக்குத் தனிக் கணக்குத் தலைப்பு வேண்டும். விமானத் திட்டத்தின் வாலில் கட்டினால், விமானம் தாமதமாகும்போது முதலில் வெட்டுவது அதைத்தான். உயரச் சோதனைக்கூடமும், பறந்து சோதிக்க ஒரு விமானமும் நம் மண்ணில் இருக்க வேண்டும். அவை ஒரு என்ஜினுக்கு மட்டுமல்ல, அடுத்து வரும் எல்லா என்ஜின்களுக்கும் உதவும். ஆம்காவுக்காகப் பிரான்ஸின் சஃப்ரானோடு சேர்ந்து என்ஜின் செய்யப்போவதாக 2025இல் பாதுகாப்பு அமைச்சர் அறிவித்தார். மகிழ்ச்சி. ஆனால் எரிப்பறையும் டர்பைனும் இருக்கும் வெப்பப் பகுதியின் வடிவமைப்பு யாருடையது, அதை மாற்ற நாம் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று இப்போதே கேளுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டுப் பயனில்லை. நூறு சதவீதத் தொழில்நுட்பப் பரிமாற்றம் என்ற வாசகத்தை மட்டும் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம்.

எங்கள் மட்டத்திலும் ஒன்று. தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தை 2019இல் திருச்சியில் தொடங்கி வைத்தார்கள். சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி என்று ஐந்து மையங்கள். பாகம் வெட்ட இங்கே ஆள் இருக்கிறது. வெட்டிய பாகத்துக்கு விமானத் தரத்தில் மேற்பூச்சு, வெப்பப் பதப்படுத்தல், விரிசல் சோதனை செய்ய அங்கீகாரம் பெற்ற இடங்கள்தான் போதவில்லை. என் பட்டறையில் வெட்டிய பாகம் பூச்சுக்காகப் பெங்களூர் போய்த் திரும்பி வருவதற்குள் வெட்டியதைவிட அதிக நாளாகிவிடுகிறது. பல பட்டறைகள் பகிர்ந்துகொள்ளும் ஒரு பொது வசதியை அரசு கட்டினால், ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கடன் வாங்க வேண்டாம். பணமும் மேலிருந்து கீழே குறித்த நாளில் இறங்கி வர வேண்டும். மேலே உள்ளவருக்கு வந்த பணம் எங்கள் கைக்கு வருவதற்குள் இரண்டு சம்பளத் தேதி கடந்துவிடுகிறது.

கடைசியாக ஒரு தேதிக் கணக்கு. 2025 செப்டம்பரில் இன்னும் 97 மார்க்-1ஏ விமானங்களுக்கு 62,370 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டார்கள். அதற்காக இந்த அரசைப் பாராட்டுகிறேன். 2027-28இல் விமானங்கள் வரத் தொடங்கி ஆறு ஆண்டுகளில் முடியும் என்பது திட்டம். அதாவது 2030களின் தொடக்கத்தில் இந்த லைனுக்கு வேலை தீர்ந்துவிடும். விமானத்துக்கான அலுமினியமும் டைட்டானியமும் வார்ப்புகளும் விமானம் வெளியே வருவதற்கு மூன்று ஆண்டு முன்னரே ஆர்டர் செய்ய வேண்டியவை. அப்படியென்றால் மார்க்-2வின் உற்பத்தி ஆர்டர் 2030க்குள் கையெழுத்தாக வேண்டும். மார்க்-2வோ இன்னும் பறந்து காட்ட வேண்டும், சோதனை முடிக்க வேண்டும், அதற்கான எஃப்414 என்ஜின் இங்கே தயாராக வேண்டும். இதில் எந்தப் படி எந்த மாதத்தில் முடியும் என்று அடுத்த மானியக் கோரிக்கை விவாதத்தில் அமைச்சகத்தைக் கேளுங்கள். பதிலை அறிக்கையில் அச்சிடுங்கள். அது தவறும் மாதத்தில் அவர்களைத் திரும்ப அழைத்துக் கேளுங்கள்.

இப்படிக்கு,
கோயம்புத்தூரிலிருந்து ஒரு சிறுதொழில் செய்பவர்